தொட்டிலில் கட்டிய ஏரியல்

ஏரியல் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் நம்ப ஆள் கிடையாது. ஏரியல் என்றால் மொட்டை மாடியில் கம்பி கம்பியாக நிற்கும், அதில் காக்கா உட்காரும், காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். அதை எப்படி அச்சடிப்பாய் என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிரிண்டிங் வேலை என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். உடனே கல்யாணக் கடிதம் அடித்துத் தரச் சொல்லி மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மைனி மட்டும் என் பழைய பதிலையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம்கூட வந்தாள். "சந்திரா, நம்ம டிஷ்ல படம் கட்டம் கட்டமா வருகு. ரிட்டயர்டு ஆயிட்டல்லா, சும்மாதான இருக்க, ஒண்ணு ஏறிப் பாரேன்" என்றாள். எனக்கு முட்டு வலி. கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இதை எழுதச் சொன்னது கம்பெனிப் பிள்ளைகள். நான் வேலையை விட்ட கையோடு அங்கே புது மெஷின் வந்துவிட்டது. சட்டம் இல்லை, வலை இல்லை, மை இழுப்பது இல்லை. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் ஏரியல் அச்சாகி வந்து விழுகிறது. "அக்கா, நீங்க கையால எப்பிடி அடிச்சிய? ஒண்ணு எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள். பழசை நினைத்துக் கண்ணீர் விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்த மெஷின் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என் வலது தோள் பிழைத்திருக்கும்.

நான் தொழில் படித்த கதை சின்னது. நாகர்கோவிலில் ஜவுளிக்கடைகளுக்குப் பை அடித்துக் கொடுக்கும் பட்டறையில் சேர்ந்தேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் மேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். வலையில் திறந்திருக்கிற இடத்தில் மட்டும் மை இறங்கி அடியில் படியும். அவ்வளவுதான் வித்தை. பைக்குப் பிறகு தராசுக்கும் மிக்சிக்கும் ஒட்டுகிற பட்டன் ஷீட் அடித்தேன். அப்புறம்தான் ஊருக்கு வெளியே புதிதாக வந்த இந்தக் கம்பெனியில் வெள்ளி மை இழுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வெள்ளி நிறத்தில் ஒரு மை என்று நினைத்துத்தான் போனேன். அது நிஜ வெள்ளியைப் பொடித்துக் குழைத்த மை. விலையைக் கேட்ட பிறகு அன்று முழுவதும் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஸ்டெல்லா மேடம். முட்டத்துக்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஏரியலில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னைச் சந்திராக்கா என்பார். சண்டை போடும்போதும் இரண்டு பேரும் இந்த மரியாதையை விட்டதில்லை. சண்டைக்கும் குறைவிருந்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எனக்குக் கோபம் இரட்டிப்பாகும்.

கடற்கரையில் வளர்ந்தவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் வரும். "செரி, நனைஞ்சா என்னாவும்?" நான் முதன்முதலாக இழுத்த ஏரியலைச் சூட்டுப்பெட்டியில் வைத்துக் காயவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, சீர்த்தட்டு ஏந்துவதுபோல் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். கையில் எடுத்தார். அழகா இருக்கு என்றார். பிறகு கைக்குட்டையைப் பிழிவதுபோல் அதை முறுக்கி, காலடியில் இருந்த உப்புத்தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார்.

"மேடம், காலையில இருந்து நின்னு அடிச்சது" என்றேன்.

"தெரியும் சந்திராக்கா. இதக் கெட்டிக்கிடுகவங்களும் காலையில இருந்து வியர்த்துக்கிட்டுத்தான நிப்பாங்க?"

எங்கள் ஏரியல் படம் காட்டுவதற்கு இல்லை. உடம்பில் கட்டிக்கொள்கிற கருவிகளுக்கு வயர் இல்லாமல் கரண்டு கொடுப்பதற்கு. ஒரு ஏரியல் கொடுக்கும், இன்னொன்று வாங்கும். நடுவே வெறும் காற்று. உடம்பு வளைகிற இடமெல்லாம் அதுவும் வளையவேண்டும் என்பதால் கம்பி ஆகாது. ரப்பர் மாதிரி இழுபடுகிற மெல்லிய பிலிமில் வெள்ளி மையால் சுற்றுச்சுற்றாகக் கோடு இழுத்துவிடுவோம். கோடு முழுசாக இருக்கவேண்டும். தலைமுடி அகலத்துக்கு ஒரு வெட்டு விழுந்தாலும் ஏரியல் செத்தது. ஆற்றுப் பாலத்தில் ஒரு கண் இடிந்தால் பஸ் அக்கரைக்குப் போகாது, அந்த மாதிரி.

ஒவ்வொரு புது மாதிரியையும் மேடம் முதலில் ஒரு நாள் தானே கட்டிக்கொள்வார். அதோடு ஸ்கூட்டர் ஓட்டுவார், குளச்சல் போய் மீன் வாங்குவார், துணி துவைப்பார். மறுநாள் கழற்றி என்னிடம் தருவார், சாளை மீன் வாசத்தோடு. எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று நாங்கள் தேடவேண்டும். மீட்டரின் இரண்டு முள்ளையும் கோட்டின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் போவோம். நேர்க்கோடாக அடித்தால் மடியும் இடத்தில் வெட்டு விழுகிறது என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். பிறகு கோட்டை நெளிநெளியாக அடித்தோம். இழுத்தால் நெளிவு நிமிரும், விட்டால் சுருங்கும், வெட்டு விழாது. அதைப் பிழிந்து வாளியில் போட்டு எடுத்தும் மீட்டர் சரியாகக் காட்டியபோது மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையெல்லாம் உப்பு.

வெட்டுத் தேடுவதில் எனக்கு ஜோடி சுபா. சுசீந்திரத்துப் பிள்ளை, கல்யாணமான கையோடு வேலைக்கு வந்தவள். கண்ணுக்குத் தெரியாத வெட்டைக்கூட "இன்னா இங்கன கெடக்கு" என்று விரலை வைத்துவிடுவாள். வீட்டுக்காரர் முருகனுக்குக் குவைத்தில் வேலை.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு வயிற்றில் கட்டுகிற பெல்ட். அப்படிப் பிறந்த சில பிள்ளைகள் தூக்கத்தில் மூச்சு விட மறந்துபோகும். பெல்ட் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும். மூச்சு நின்றால் பக்கத்தில் இருக்கிற பெட்டி சத்தம் போடும். அம்மா பிள்ளையைத் தொட்டு எழுப்பினால் மூச்சு வந்துவிடும். பேட்டரி வைத்தால் கனம், சூடு, அதனால் வேண்டாம் என்றார்கள். கரண்டை எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு மேடம் தொட்டிலைக் காட்டினார். உத்தரத்தில் தொங்குகிற துணித் தொட்டிலைச் சுற்றி, ஒட்டியாணம் மாதிரி அகலமாக ஒரு ஏரியல். மேலே பட்டனைத் திறந்து பிள்ளையை எடுக்கலாம், வைக்கலாம். பிள்ளை வயிற்றைச் சுற்றி பெல்ட்டில் இன்னொரு ஏரியல். பெரிய வளையம் கொடுக்கும், உள்ளே இருக்கிற சின்ன வளையம் வாங்கும். பிள்ளையை மடியில் எடுத்தால் பெல்ட் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

பெல்ட்டை அடித்து முடிப்பதற்குள் சுபாவுக்கே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, மாதம் முந்தி. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் சுபாவை உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். ஓரிரண்டு தடவை பிள்ளை மூச்சு விட மறந்ததை அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். பெல்ட்டைச் சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரி சம்மதித்ததும் அவள்தான் முதலில் வந்து நின்றாள். மேடம் தயங்கினார்.

"நான் அடிச்ச பெல்ட்டு ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் ஆவும், எனக்க பிள்ளைக்கு ஆவாதா மேடம்?" என்று கேட்டாள். மேடம் பெல்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வார்டில் பெல்ட் ஒழுங்காக வேலை செய்தது. பிள்ளை தேறிவிட்டான், பெல்ட்டோடு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் விட்டார். வீட்டுத் தொட்டிலிலும் முதல் சில நாள் ஒரு குறையும் இல்லை. முருகன் பிள்ளையைப் பார்க்கக் குறுகிய லீவில் வந்து, இருந்து, திரும்பிப் போனான். அவன் போன பிறகு தொடங்கியது தொல்லை. பிள்ளை நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு தூங்குவான். பெல்ட்டில் கரண்டு வருகிறது என்று காட்டுகிற பச்சை விளக்கு அணைந்து, போதவில்லை என்று சிவப்பு வரும். பெல்ட்டிலிருந்து சேதி வராததால் மூச்சு நின்றதென்று நினைத்துப் பெட்டி கத்தும். சுபா ஓடிவந்து பிள்ளையை உலுக்குவாள். அவன் திடுக்கிட்டு விழித்து வீட்டைத் தலைகீழாக்குவான். ஒரு நாளில் இது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

நாங்கள் பிடிக்காத பேய் இல்லை. மழைக்காலம், ஈரம் என்றேன் நான். புது பெல்ட் அடித்து அனுப்பினேன். அதுவும் செத்தது. பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் பிலிமை ஊறவைக்கிறதோ என்று மேடத்துக்குச் சந்தேகம். ஒரு பெல்ட்டை எண்ணெயில் ஊறப்போட்டார். அது ஜம்மென்று வேலை செய்தது. பெங்களூர்க்காரர்கள் வீடியோவில் வந்து சாஃப்ட்வேர் என்றார்கள். அவர்களுக்கு எதுவானாலும் சாஃப்ட்வேர்தான், ஜோசியனுக்கு எல்லாம் விதி என்பதுபோல. இரும்பு, தங்கம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் இந்தக் கரண்டு கெடும் என்பதால், பிள்ளைக்கு நகை ஏதும் போட்டிருக்கிறதா என்றும் மேடம் போனில் கேட்டார். ஒன்றுமே இல்லை மேடம் என்றாள் சுபா.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா சும்மா கத்துகிற கருவியை நம்பிப் பிள்ளையை வீட்டில் வைக்க முடியாது, திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வார்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சுபா எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "மறுபடியும் கண்ணாடிக்கு வெளிய நிக்கணுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை நானும் மேடமும் அவள் வீட்டுக்குப் போனோம். மேடம் வழக்கம்போல் ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார், அவசரமே படமாட்டார். தொட்டிலின் ஏரியலைச் சோதித்தார், நன்றாக இருந்தது. ஒரு தலையணைக்கு பெல்ட்டைக் கட்டித் தொட்டிலில் போட்டார். பச்சை. என் கையில் கட்டி, கையை உள்ளே நீட்டச் சொன்னார். பச்சை. பிள்ளைக்குக் கட்டினார். சிவப்பு. தலையணைக்குப் பச்சை, எனக்குப் பச்சை, இந்தச் சின்ன உடம்புக்கு மட்டும் சிவப்பு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஈயை விரட்டினேன்.

"வயிறு வியர்த்துக் கெடக்கு மேடம், கொஞ்சம் மேல ஏத்திக் கெட்டட்டா?" என்று சுபா பெல்ட்டை நெஞ்சுக்கு ஏற்றினாள். விளக்கு மினுக் மினுக்கென்று பச்சைக்கு வரப்பார்த்தது. திரும்ப வயிற்றுக்கு இறக்கினோம். சிவப்பு. பெல்ட் மடிந்து கிடக்கிறதா என்று நான் கையால் நீவிவிட்டேன். அடியில் கரடு கரடாக ஏதோ தட்டுப்பட்டது.

"உள்ள என்னது கெடக்கு?" என்றார் மேடம்.

"அரைஞாண். வேற என்ன?" என்றாள் சுபா.

வெள்ளி அரைஞாண். மெல்லிய கண்ணிகள் கோத்து, முன்னால் ஒரு கொக்கி மாட்டியது. மேடம் முதலில் செய்த காரியம், தொட்டிலின் சுவிட்சை அணைத்தது. பிறகு குனிந்து அரைஞாணை விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தார். கரண்டு ஏறினால் வெள்ளி சுடும்; சூடு இல்லை என்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"நகை கெடக்கான்னு போன்ல கேட்டம்லா சுபா?"

"இது நகையா மேடம்?"

மேடத்தின் அண்ணன்மார் பிள்ளைகள் அத்தனை பேர் இடுப்பிலும் கிடந்த சாமான்தான். எங்கள் பக்கத்தில் யாரும் அரைஞாணை நகையில் சேர்ப்பதில்லை. காதில் போட்டால் நகை, கழுத்தில் போட்டால் நகை. இடுப்பில் கிடப்பது பிள்ளையோடு கூடப்பிறந்தது மாதிரி.

"எப்பம் கெட்டினது?" என்றார் மேடம்.

"இருபத்தெட்டு கெட்டுக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் வந்திருந்தியளே."

வந்திருந்தோம். பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அப்பா கையால் இடுப்பில் கறுப்புக் கயிறும் அரைஞாணும் கட்டுகிற சடங்கு. டாக்டர் சொன்னதால் கூட்டம் கூட்டவில்லை. நானும் மேடமும் கை கழுவிவிட்டுத் தள்ளி நின்றோம். அன்று ராத்திரியே விமானம் ஏறவேண்டிய முருகன் கொக்கியை மாட்டியதைப் பார்த்தோம், அடைப்பிரதமன் குடித்தோம், பிரமாதம் என்றோம். வெள்ளியோடும் வளையத்தோடும் பிழைப்பு நடத்துகிற இரண்டு பேர், கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளி வளையத்தைப் பூட்டுவதைப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டிருக்கிறோம்.

மேடம் சுபாவுக்கு விளக்கினார். பூட்டிய வெள்ளி வளையம் என்றால் அதுவும் ஒரு ஏரியல்தான். தொட்டில் கொடுக்கிறதையெல்லாம் அதுவே வாங்கிச் சுற்றவிட்டுக்கொள்கிறது. பந்தியில் முதல் இலைக்காரனே பாத்திரத்தைக் காலி செய்தால் அடுத்த இலைக்கு என்ன வரும்? சுபா பீரோவிலிருந்து தன் சின்ன வயது அரைஞாணை எடுத்துவந்தாள். தலையணைக்கு மாட்டிப் பார்த்தோம். சிவப்பு. கழற்றினோம். பச்சை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"அப்பம் இதக் களத்தி வச்சிரலாம்" என்றேன் நான்.

சுபா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அது மாத்திரம் முடியாது அக்கா. அவங்க வந்து கெட்டிட்டுப் போனது. பிள்ளைக்க மேல அவங்க கை பட்டதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு. வார்டுக்கு வேணும்னாலும் போறேன், இதக் களத்தமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. பிள்ளை பெரிதா, சங்கிலி பெரிதா என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என் முழங்கையைத் தொட்டார். நல்லவேளை. சுபா சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது.

பிள்ளை சுபாவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அரைஞாணைக் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே போனாள். வெட்டுத் தேடும்போது அவள் விரல் போகிற அதே போக்கு. முதுகுப் பக்கம் போனதும் விரல் நின்றது.

"மேடம், ஒரு வெட்டு விழுந்தா போதும்லா?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னால அவங்க மாட்டின கொக்கி அப்பிடியே கெடக்கட்டும். பின்னால ஒரு கண்ணிய மட்டும் எடுத்துட்டு, அந்த எடத்துல கறுப்பு நூலு கெட்டினா? நூலுல கரண்டு ஓடாதுல்லா?"

தினமும் இது மாதிரி வெட்டைத் தேடித் தேடித்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம். வெட்டு வேண்டும் என்று கேட்டவளை அன்றுதான் பார்த்தேன். மேடம் சிரித்தேவிட்டார். சிரித்து முடித்ததும் கேட்டார், "செரி, நூலு நனைஞ்சா என்னாவும்?" சுபாவின் பழைய அரைஞாணில் ஒரு கண்ணியை எடுத்து, நூல் கட்டி, நூலை உப்புத்தண்ணீரில் முக்கி, தலையணைக்குப் போட்டார். பச்சை அசையவில்லை.

பிள்ளையின் அரைஞாணில் கை வைப்பதற்கு முன்னால் முருகனிடம் கேட்கவேண்டும் என்றாள் சுபா. வீடியோவில் கூப்பிட்டாள். வேலையிடத்தில் இருந்தான். தலையில் தொப்பி, பின்னால் ஒரே இரைச்சல். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டணும் என்ற வார்த்தை வந்தபோது அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். இரைச்சல் குறைந்த ஓரத்துக்கு நகர்ந்தான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"வெட்டாம இருந்தாத்தான் வார்டுக்குப் போணும்."

"அப்பம் வெட்டு. நூல மேடம்கிட்டக் கொடுக்காத. நீ கெட்டு. எனக்க கை அங்கன எட்டாதுல்லா."

போனைத் தலையணையில் சாய்த்து அவனுக்குத் தெரியும்படி வைத்தோம். மேடம் சின்னக் கட்டரால் ஒரு கண்ணியை மட்டும் நறுக்கி எடுத்தார். இரண்டு பக்கமும் முழுக் கண்ணி இருந்ததால் பிள்ளையைக் குத்த ஒன்றுமில்லை. சுபா கறுப்பு நூலைக் கோத்து, சுற்றி, முடிச்சுப் போட்டாள். அதன் மேல் பெல்ட்டைக் கட்டித் தொட்டிலில் கிடத்தினாள். மேடம் சுவிட்சைப் போட்டார். பச்சை வந்தது. நின்றது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டு, எங்களை மதிக்காமல் தூங்கிப்போனான். அவன் வயிறு ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

மேடம் டாக்டருக்குப் போன் செய்து, சுவிட்சை அணைத்தது முதல் நூல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் நிறையக் கேள்வி கேட்டார். மறுநாளும் பெட்டி கத்தாமல் இருந்தால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். மறுநாளும் அது கத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கண்ணாடி அறையைப் பார்க்கவே இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தப் பச்சை விளக்கு மட்டும்தான்.

முருகன் இன்னும் போனில்தான் இருந்தான். யாரோ அவனை வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போகிற அவசரத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னான்.

"சுபா, முன்பக்கம் நான் கெட்டினது. பின்பக்கம் நீ கெட்டினது. இப்பம்தான் அது முழுசா ஆச்சு, கேட்டியா?"

அத்தனை நாள் அழாதவள் அப்போது அழுதாள்.